முழுப்பேர் போட்ட கட்சி

கொஸ்கலையில் ஏணிக்கட்சி செத்து இரண்டு வருடமாகிறது என்று ஊரே சொன்னது. இத்ரூஸ் முதலாளி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கிளைச் செயலாளர் அவர்தான். கடைவீதி நடுவே அவருடைய புடவைக்கடை, பின்கட்டில் வீடு. கடைக்கு மேல்மாடியில் கட்சி அலுவலகம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாடியைத் திறந்து, நாற்காலிகளைத் துடைத்து வரிசையாகப் போட்டுவிட்டுக் காத்திருப்பார். நாற்காலிகளுக்குக் குறைவில்லை. உட்காரத்தான் ஆளில்லை. வருகிறவர்கள் அவரையும் சேர்த்து மூன்று பேர்.

நமுனுகுல மலையடிவாரத்தில், பதுளையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தது கொஸ்கலை. மேலே சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள், கீழே ஒரே ஒரு கடைவீதி, அதற்கென்று ஒரு பட்டினசபை. அவ்வளவுதான் ஊர். ஏணிக்கட்சி நாட்டை ஆண்ட காலத்தில் இந்தப் பட்டினசபையும் அதன் கையில்தான் இருந்தது. அப்போது இத்ரூஸின் மாடிப்படியில் கால் வைக்க இடமிருக்காது. வேலைக்கு ஒரு சிபாரிசுத் துண்டு, இடமாற்றத்துக்கு ஒரு துண்டு, சீமெந்து பெர்மிட்டுக்கு ஒரு துண்டு என்று ஆட்கள் காலையிலிருந்து வரிசையில் நிற்பார்கள். ஆட்சியின் அடையாளமாகக் கடைவீதி முகப்பில் பெரிய வரவேற்பு வளைவு ஒன்று கட்டி, அதன் உச்சியில் சீமெந்தில் ஏணியும் பதித்தார்கள். அறுபத்தைந்தாம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் கட்சி தோற்றது. அடுத்து வந்த பட்டினசபைத் தேர்தலிலும் தோற்றது. துண்டு எழுதிக் கொடுக்க அதிகாரம் இல்லை என்றானதும் மாடிக்கு ஏறிய கூட்டம் மளமளவென்று இறங்கிப் போய்விட்டது.

கடைசியாக இறங்கியவர் கட்சியின் பொருளாளர், இரும்புக்கடை மொஹிதீன். இத்ரூஸுடைய மனைவி மர்லியாவின் கூடப்பிறந்த அண்ணன். இறங்கியவர் சும்மா வீட்டுக்குப் போகவில்லை. நேரே எதிர்வரிசையில் இருந்த சக்கரக்கட்சி அலுவலகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்.

இப்போது, அறுபத்தேழாம் ஆண்டு ஐப்பசி மழைக்காலத்தில், கடைவீதி வட்டாரத்துக்கு இடைத்தேர்தல் வந்தது. சக்கரக்கட்சி வேட்பாளர் மொஹிதீன்தான் என்று சுவரெல்லாம் எழுதியாகிவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கிளைத் தலைவர் இரகுநாதன் தொண்டையைச் செருமினார். ஓய்வுபெற்ற தபாலதிபர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலைக்கென்று வந்து, மலைக்குளிர் பிடித்துப்போய் இங்கேயே தங்கிவிட்டவர். கட்சி விதிப்புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவார்.

"பதுளை அமைப்பாளர் வந்து சொல்லிப்போட்டுப் போனவர். இந்த வட்டாரத்தையும் விட்டமெண்டால் கிளையைப் பூட்டச் சொல்லுறார். பலகையைக் கழட்டிப் பதுளைக்கு அனுப்பட்டாம்."

"பூட்ட விடமாட்டேன் ஐயா" என்றார் இத்ரூஸ். பத்தொன்பது வயதில் பசை வாளியோடு சுவரொட்டி ஒட்டக் கிளம்பியவர் அவர். கடையை விற்கச் சொன்னால்கூட யோசிப்பார். பலகையைக் கழற்று என்றால் யோசிக்க என்ன இருக்கிறது?

"விடமாட்டன் எண்டு இங்க இருந்து சொன்னால் சரியோ? ஆர் ஓட்டுக் கேட்டுப் போறது? இருக்கிறது மூண்டு பேர். அதிலையும் வாஹித் நித்திரை."

தையற்கடை வாஹித் கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னார்: "நான் கேட்டுக்கிட்டுத்தான் இரிக்கிறேன்."

"இந்தத் தடவை நானே நிக்கிறேன்" என்றார் இத்ரூஸ். பல வருட ஆசை அது. ஆட்சிக் காலத்தில் பெரிய மனிதர்களுக்கு வழிவிட்டு வழிவிட்டே காலம் போய்விட்டது. இப்போது போட்டிக்கு ஆளில்லை. வேட்பாளர் நியமனப் பத்திரம் கொடுக்கிற அன்றைக்குப் போட்டுக்கொள்ள வாஹித்திடம் ஒரு வெள்ளைக் கோட்டுகூடத் தைக்கக் கொடுத்திருந்தார்.

அப்போது மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. மூன்று பேரும் நிமிர்ந்தார்கள். மழையில் நனைந்த கம்பளியைத் தலையில் போட்டபடி ஒரு பெண் வாசலில் நின்றாள். மேல்தோட்டத்து ஜெயலெட்சுமி. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களின் பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரி, தோட்டத்துரையிடம் முறையிடப் போனாலும் சரி, முதலில் இவளைத்தான் தேடுவார்கள்.

"கோவிச்சுக்காதீங்க மொதலாளி. மர்லியாக்கா இல்லீங்களா? பின்கதவு பூட்டிக் கெடக்கு."

"கூட்டம் நடக்குது புள்ள. என்ன விசயம்?"

அவள் வரிசையாக இருந்த வெறும் நாற்காலிகளைப் பார்த்தாள். "கூட்டங்களா? ஆளு ஒண்ணையும் காணோம்னு வந்துட்டேன். எங்களுக்கு அக்காதான் வேணும். பொம்பளைங்க விசயம்ங்க."

இரகுநாதன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளறையிலிருந்து மர்லியா சாவிக்கொத்தோடு வந்து, "வாங்க ஜெயலெட்சுமி, மழைக்குக் கதவைச் சாத்திட்டேன்" என்று அவளைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் இறங்கினாள். இத்ரூஸ் பின்ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். பின்சந்தில், கொட்டும் மழையில், சந்தைக்கு வந்த தோட்டத்துப் பெண்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். வரிசை போய் முடிந்தது அவருடைய வீட்டுக் கழிவறைக் கதவில்.

அவர்கள் போனபின் மர்லியாவிடம் கேட்டார். "எப்பத்தில இருந்து இது?"

"அது ஏழெட்டு வருசமா நடக்குது. விடிய மலையிலிருந்து இறங்கினா, சாமான் வாங்கி பஸ் ஏறுறதுக்குப் பொழுது பட்டிரும். ஆம்புளைங்க ஓயாப் பக்கம், ஆத்தோரமாப் போவாங்க. இவங்க எங்க போற? சந்தை நாளில தண்ணிகூடக் குடிக்காம இரிக்கிறாங்க."

"எனக்கிட்ட சொல்லவே இல்லியே?"

"நீங்க மேல கூட்டத்தில இருந்தீங்க" என்றாள் மர்லியா. "ஆட்சி இருக்கக்குள்ள வளைவு கட்டினீங்க. அதுக்குப் பின்னால ஒதுங்கச் சொல்றீங்களா?"



மறுநாள் காலை கடையைத் திறக்குமுன்பே இத்ரூஸ் இரகுநாதன் வீட்டு வாசலில் நின்றார்.

"ஐயா, எனக்கு ஒண்டு புரிஞ்சு போச்சு. நாம இவ்வளவு காலமும் குடுக்கிற கட்சியா இருந்தோம். இப்ப குடுக்கக் கையில ஒண்டும் இல்ல. அதுதான் யாரும் வாறதில்ல. இனிச் சேர்ந்து கேக்கிற கட்சியா ஆகணும். சந்தையில பொம்பளைங்களுக்கு ஒரு கக்கூசு, பஸ்ஸுக்கு நிக்க ஒரு மண்டபம். இந்த ரெண்டையும் வெச்சுத்தான் இந்தத் தேர்தல். தோட்டத்து ஆக்களைக் கட்சியில சேர்க்கணும்."

"இத்ரூஸ், நீர் என்ன பேசுறீர்? அந்தச் சனத்தில முக்கால்வாசிப் பேருக்குக் குடியுரிமையே இல்லை. ஓட்டில்லாத ஆக்களை வைச்சு என்ன செய்யப் போறீர்?"

"ஓட்டு கடைக்காரன்ட கையில. கடைக்காரன்ட பொழைப்பு யார் கையில? ஒரு ஞாயித்துக்கிழமை தோட்டம் இறங்கல்லண்டா இந்தக் கடைவீதியே ஈ ஓட்ட வேண்டியதுதான்."

இரகுநாதன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சொன்னதில் விஷயம் இருக்கிறது என்று அவருக்கும் பட்டது. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறதே! உள்ளே போய்ப் புத்தகத்தை எடுத்து வந்து புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். துணை அங்கத்தவர். பாதிச் சந்தா. கூட்டத்துக்கு வரலாம், பேசலாம். தீர்மானத்துக்குக் கை உயர்த்துவது மட்டும் வாக்காளராக இருக்கிற முழு அங்கத்தவர்களுக்கே.

இத்ரூஸுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாதிக் காசுக்குக் கட்சியில் இடம்! யார் வேண்டாம் என்பார்கள்? அடுத்த நாளே, வேலை விடுகிற நேரம் பார்த்து மேல்தோட்டத்து லயத்துக்கு மூச்சு வாங்க ஏறினார்.

லயத்து வாசலில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கூடைகளைக் கவிழ்த்துவிட்டுச் சுற்றி நின்றார்கள். கக்கூசும் மண்டபமும் என்றதும் முகங்கள் மலர்ந்தன. இத்ரூஸ் உற்சாகத்தோடு துணை அங்கத்துவத்தை விளக்கினார். விளக்க விளக்க ஒவ்வொரு முகமாக இறுகியது. அவர் முடித்ததும் ஜெயலெட்சுமி கேட்டாள்.

"அரைப்பேருங்களா மொதலாளி?"

ஒரு கிழவர் கெக்கெக்கென்று சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

தோட்டத்தில் அரைப்பேர் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். விடியற்காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போய் ஆஜர் சொல்லி, நாள் முழுக்க மலையில் அட்டைக்கடியோடு நின்று பறித்தாலும், நிறை போதாது என்று கணக்கப்பிள்ளைக்குப் பட்டால் பாதி நாள் சம்பளத்துக்குத்தான் பேர் விழும். பணம் போவதைவிடப் பெரிய அவமானம் அது. பிறந்ததிலிருந்து இந்த மக்களுக்குச் சேலையும் சாரமும் விற்று வாழ்கிற இத்ரூஸ், அந்த அரைப்பேரையே வெகுமானம் என்று நினைத்துச் சுமந்துகொண்டு மலையேறி வந்திருக்கிறார்!

"தோட்டத்துல வெட்டுறது பத்தாதுன்னு நீங்களும் ஒண்ணு கொண்டாந்தீங்களா?" ஜெயலெட்சுமியின் குரல் உயர்ந்தது. "அங்கயாவது சாயந்தரம் நிறுத்துப் பாத்துட்டுத்தான் வெட்டுறாங்க. நீங்க நாங்க வேலைக்கு எறங்க முன்னயே வெட்டிட்டீங்களே! ஓட்டுத்தான் எங்களுக்கு இல்ல. கையுமா இல்ல?"

"அது வந்து, விதியில..."

"எங்களுக்கு விதி புதுசா மொதலாளி? நீங்க தேத்தண்ணிய குடிச்சுட்டு எறங்குங்க. இருட்டினா வழி வழுக்கும்."

மரியாதையாகத்தான் சொன்னாள். அதுதான் இத்ரூஸுக்கு இன்னும் சுட்டது. கொடுத்த தேநீரை ஒரே மூச்சில் குடித்து முடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்தார்.

"சரி. முழுப்பேர். முழுச் சந்தா, முழு உரிமை. யாரை வேட்பாளரா நிறுத்துறது எண்டுகூட எல்லாரும் கை தூக்கித்தான் முடிவு."

"போஸ்ட்மாஸ்டர் ஐயா சம்மதிப்பாங்களா?"

"அவரைச் சம்மதிக்க வைக்கிறது என்ட வேலை."

சொல்வது சுலபம். மாடியில் அன்று இரவு இரகுநாதன் மேசையில் தட்டினார். "விதிக்கு மாறாய் நடக்கிற கட்சிக்கு நான் தலைவர் இல்லை! ராஜினாமா எழுதித் தாறன், காகிதம் கொண்டு வாரும்."

"விதியை மாத்துறதுக்கும் விதி இரிக்குத்தானே ஐயா? கிளையில கூடினவங்கள்ல பெரும்பான்மை கை தூக்கினாப் போதும். நீங்கதான் எனக்குப் படிச்சுக் காட்டினீங்க."

"ஓம், காட்டினனான். எங்க உம்முடைய பெரும்பான்மை?"

இத்ரூஸ் தன் கையைத் தூக்கினார். பிறகு திரும்பிப் பார்த்தார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடியிருந்த வாஹித்தின் கை மெள்ள மெள்ள மேலே எழுந்தது. கண் மட்டும் திறக்கவில்லை.

இரகுநாதன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "முழிச்சிருந்து கேட்டுக்கொண்டுதான் தூக்குறாரோ இந்த மனிசன்?"

"சத்தியமா, ஐயா" என்றார் வாஹித்.

"தீர்மானம் நிறைவேறியது" என்று எழுதிக் கையொப்பம் வைத்தார் தபாலதிபர். ராஜினாமாக் காகிதத்தைப் பற்றிப் பிறகு அவரும் கேட்கவில்லை, இவரும் நினைவூட்டவில்லை.

வேட்பாளரைத் தெரிவுசெய்யும் கூட்டம் சந்தைக் கொட்டகையில் நடந்தது. மாடியில் வைத்தால் இடம் போதாது என்று இத்ரூஸே சொல்லும்படி ஆகிவிட்டது! மேல்தோட்டம், கீழ்ப்பிரிவு, ஓயாக்கரை லயங்கள் என்று ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்திருந்தார்கள். கடைவீதிக்காரர்கள் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். எதிரே இரும்புக்கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மொஹிதீன், "மச்சான் கட்சிக்கு ஆள் சேர்க்கிறாரா, கொழுந்து பறிக்க ஆள் சேர்க்கிறாரா?" என்று சத்தமாகக் கேட்டுச் சிரித்தார்.

வாஹித் எழுந்து இத்ரூஸின் பெயரை முன்மொழிந்தார். ஒருவர் வழிமொழிந்தார். இத்ரூஸ் சிரித்த முகத்தோடு எழுந்திருக்கத் தயாரானார்.

"இன்னொரு பேரு சொல்லலாங்களா?" ஜெயலெட்சுமி.

இரகுநாதன் புத்தகத்தைப் பார்த்தார். "சொல்லலாம். வட்டாரத்தில வாக்குள்ள ஆளாய் இருக்க வேணும்."

"மர்லியாக்காவுக்கு வாக்கு இருக்குங்களே."

கொட்டகையில் சலசலப்பு எழுந்தது. தூணோரமாகப் பெண்களோடு நின்ற மர்லியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பைத்தியமா ஜெயலெட்சுமி உங்களுக்கு?"

"எட்டு வருசமா மழையில நின்னு எங்களுக்குக் கதவு தொறந்தது யாரு? மொதலாளி நல்லவரு, இல்லேங்கல. அவருக்கு இந்தச் சேதி தெரிஞ்சே ஒரு மாசந்தான் ஆவுது."

இம்முறை எல்லாரும் சிரித்தார்கள். இத்ரூஸும் சிரித்தார். கை தூக்கச் சொன்னபோது பழைய கட்சிக்காரர்களாக எஞ்சியிருந்த ஒரு சிலர் இத்ரூஸுக்குத் தூக்கினார்கள். மர்லியாவுக்குக் கொட்டகை முழுக்கக் கைகள்.

இரகுநாதன் இத்ரூஸின் காதோரம் குனிந்தார். "கேளும். புதிசாய்ச் சேர்ந்த ஆக்கள் முதல் கூட்டத்தில வாக்களிக்கிறதைத் தலைவர் நிறுத்தி வைக்கலாம். விதியில இடம் இருக்கு. நான் ஒரு சொல் சொன்னால் நீர்தான் வேட்பாளர். சொல்லட்டோ?"

இத்ரூஸ் கைகளைப் பார்த்தார். தேயிலைச் சாயம் ஏறிக் கறுத்த விரல்கள். கொழுந்து கிள்ளிக் கிள்ளி வெடித்துப்போன நகங்கள். ஒரு சொல் போதும். பல வருட ஆசை கைக்கு வந்துவிடும். அந்தச் சொல் விழுந்த நிமிஷமே இந்தக் கொட்டகை காலியாகிவிடும் என்பதும் அவருக்குத் தெரிந்தது. இன்னொரு தடவை மலையேறிப் போய் எந்த முகத்தோடு பாயில் உட்காருவது?

"எல்லாக் கையையும் எண்ணுங்க ஐயா" என்றார். பிறகு மனைவி பக்கம் திரும்பி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டார்.

மர்லியா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எதிர்க்கடை வாசலில் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்ட அண்ணனைப் பார்த்தாள். "இவ்வளவு பேர் கேட்கக்குள்ள மாட்டேண்டு எப்படிச் சொல்ற?" என்றாள்.

அன்று மாலையே மொஹிதீன் கடைக்குள் புயலாக நுழைந்தார்.

"என்ன மச்சான் வேலை இது? உனக்கு ஆள் கிடைக்கல்லண்டு என்ட தங்கச்சியை ரோட்டில விடுறியா? ஊர் காறித் துப்பும்!"

இத்ரூஸ் வாயைத் திறக்குமுன் உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து, அண்ணனை நானா என்று கூப்பிடும் மர்லியாவின் குரல் வந்தது. "நானா, சத்தம் போடாம உட்காருங்க. இடியப்பம் இரிக்கி, சாப்பிடுங்க."

"இடியப்பம் திங்கவா வந்தேன்? நீ விலகு."

"உங்களுக்குச் சோறு போட மாட்டேண்டு நான் சொல்லல்ல நானா. ஓட்டுத்தான் போட மாட்டேன்."

மொஹிதீன் கோபத்தோடு வெளியேறினார். மறுநாள் அவருடைய ஒலிபெருக்கிக் கார் கடைவீதியில் மேலும் கீழும் ஓடியது. "கக்கூஸ் கட்சிக்கா உங்கள் வாக்கு? சிந்தியுங்கள், மக்களே!" அன்றைக்கு முழுக்க ஊரில் அதுதான் சிரிப்பு. இத்ரூஸ் கூசிப்போனார். ஜெயலெட்சுமி கூசவில்லை.

"இருக்கட்டுமே மொதலாளி. நாங்களே சொல்லிக்கிறோம்" என்றாள்.

சம்பளம் போட்டதற்கு அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை. மாதத்திலேயே கடைவீதி நிரம்பி வழிகிற நாள். கொஸ்கலையில் அதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தோட்டக் குடும்பத்துக்கும் தலைமுறையாக ஒரு வாடிக்கைக் கடை. சம்பள ஞாயிறன்று வாடிக்கையாளர் சாமான் வாங்கி முடித்ததும் முதலாளி தன் கையாலேயே வெற்றிலை பாக்கு எடுத்துக் கொடுப்பார். வாங்கிக்கொண்டு, "வாறோம் மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அன்றைக்கு அவர்கள் வெற்றிலையை வாங்கிக்கொண்டு போகவில்லை. நின்றார்கள்.

"மொதலாளி, நாங்க கக்கூசுக் கட்சி. எங்களுக்கு ஓட்டு இல்ல. உங்களுக்கு இருக்கு. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்து நீங்கதான் போடணும்."

பலசரக்குக் கடையில் கேட்டார்கள். பாத்திரக் கடையில் கேட்டார்கள். வெற்றிலையை நீட்டிய கை நீட்டியபடியே இருக்க, எந்த முதலாளி முகத்தில் அடித்தாற்போல் பேசுவார்? பேக்கரி ஜினதாச முதலாளி தனக்குத் தெரிந்த தமிழில் சமாளித்துப் பார்த்தார்.

"நான் எப்பவும் சக்கரம் தானே அம்மே. என்ன செய்ற?"

"நாங்களும் எப்பவும் உங்க பாணுதாங்க மொதலாளி" என்றாள் ஜெயலெட்சுமி. பயமுறுத்தலே இல்லாத குரல். "அடுத்த சந்தைக்கும் வருவோம். அப்பவும் பொம்பளைங்க உங்க பேக்கரிச் சுவர் ஓரமாத்தான் ஒதுங்கணும். பாத்துக்குங்க."

ஜினதாச சுவரை நினைத்துப் பார்த்தார். அந்தச் சுவருக்கு வருடத்துக்கு இரண்டு தடவை சுண்ணாம்பு அடித்து அலுத்தவர் அவர்.

முன்கடையில் இது நடந்துகொண்டிருக்க, மர்லியா பின்கதவுகள் வழியாகப் போனாள். ஒலிபெருக்கிக் கார் போக முடியாத இடம் அது. வியாபாரிகளின் மனைவிமார், குமாஸ்தாக்களின் தாய்மார், ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ்ஸிமார் என்று அடுப்படி அடுப்படியாக உட்கார்ந்து பேசினாள். மொஹிதீனின் மனைவி நளீரா வீட்டைக்கூட விடவில்லை. பலகாரம் சாப்பிட்டு, மருமக்களைக் கொஞ்சிவிட்டு, வாக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்தாள். வாசல் வரை வந்த நளீராதான் தாழ்ந்த குரலில் கேட்டாள். "மதினி, அந்தக் கக்கூசு எங்க கடைக்குப் பின்பக்கம் வராமப் பாத்துக்கொள்வீங்களா?"

"நீங்களே இடம் சொல்லுங்க மதினி" என்றாள் மர்லியா.

இரகுநாதனும் சும்மா இருக்கவில்லை. முதலில் தயங்கினவர், குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் குடியிருந்த வரிசைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு தானே கிளம்பினார். "விதிப்படி இந்தச் சந்தை வரியில ஒரு பங்கு சுகாதாரத்துக்குச் செலவழிக்க வேணும். ஆர் வேட்பாளர் எண்டு பாராதேங்கோ, ஆர் விதியை வாசிச்சிருக்கினம் எண்டு பாருங்கோ" என்று அவர் வாசலுக்கு வாசல் விளக்கம் கொடுத்ததைக் கேட்டு இத்ரூஸுக்குச் சிரிப்பு வந்தது. பசை வாளி இத்ரூஸின் கையில். வேட்பாளரின் கணவர் சுவரொட்டி ஒட்டுகிறாரே என்று சிலர் கேலி செய்தார்கள். "பழைய வேலைதானே" என்று அவர் அடுத்த சுவருக்குப் போனார்.

வாக்கு எண்ணிக்கை பட்டினசபை மண்டபத்தில் நடந்தது. உள்ளே இத்ரூஸும் இரகுநாதனும் முகவர்களாக இருந்தார்கள். வெளியே மைதானத்தில் தோட்டம் திரண்டிருந்தது. ஓட்டுப் போடாத கூட்டம் முடிவுக்காக இவ்வளவு நேரம் நின்றதை அந்த ஊர் அதுவரை பார்த்ததில்லை. முதல் பெட்டியில் மொஹிதீன் முந்தினார். இரண்டாவதில் சமமாக வந்தது. கடைவீதிக்காரர்கள் வாக்களித்த கடைசிப் பெட்டியைத் திறந்தபோது இத்ரூஸால் உட்கார முடியவில்லை. ஏணி, சக்கரம், ஏணி, ஏணி, சக்கரம், ஏணி என்று அதிகாரி பிரித்துப் போடப் போட, ஒரு அடுக்கு மெள்ள உயர்ந்துகொண்டே போனது.

வித்தியாசம் பெரிதில்லை. ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான். மர்லியா கடைவீதி வட்டார அங்கத்தவராகத் தெரிவானார் என்று அதிகாரி வாசித்தார்.

மைதானத்திலிருந்து எழுந்த சத்தத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. மொஹிதீன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வாசல் வரை போனார். பிறகு தங்கையிடம் வந்து, "வேலை தொடங்கக்குள்ள சீமெந்தும் கம்பியும் வேணும்தானே? வேற கடைக்குப் போனா எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்றார்.

"விலையைப் பாத்துத்தான் நானா" என்றாள் பட்டினசபை அங்கத்தவர்.

அடுத்த நாள் பதுளை அமைப்பாளர் கார் போட்டுக்கொண்டு வந்தார். கையில் ரோஜா மாலை. கடைக்குள் நுழைந்ததும் இத்ரூஸின் கழுத்தில் போடப் போனார். இத்ரூஸ் விலகிக்கொண்டு, "வென்றவங்க உள்ள இரிக்கிறாங்க" என்று கையைக் காட்டினார். மாலை மர்லியாவுக்குப் போயிற்று.

அமைப்பாளர் மாடிக்கு ஏறினார். பலகையைக் கழற்றுவதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "மாகாணம் முழுக்க நம்ம ஆட்கள் சோர்ந்து போய்க் கிடக்கிறாங்க இத்ரூஸ். அப்புத்தளை, மொனராகலை, எல்லாக் கிளையும். பதுளையில ஒரு பெரிய கூட்டம் போடுவோம். தலைவர்கள் எல்லாரையும் மேடையில உட்காரவைப்போம். நீங்க வந்து இதை எப்படிச் செய்தீங்க எண்டு விளக்கணும். ரெண்டு கிழமையில, ஒரு ஞாயித்துக்கிழமை. என்ன, சரிதானே?"

பழைய இத்ரூஸாக இருந்தால் அந்த நிமிஷமே தலையாட்டியிருப்பார். பதுளை மேடை!

"நான் தனியா முடிவு சொல்ல ஏலாது. அங்கத்தவங்கள்ட்ட கேக்கணும்" என்றார்.

"யாரிட்ட?"

இத்ரூஸ் ஜன்னலைத் திறந்து கீழே கூப்பிட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் சொந்தக்காரப் பெண்ணுக்குப் பிரசவம் என்று லீவு போட்டுக் கடைவீதிக்கு வந்திருந்த ஜெயலெட்சுமி, குழந்தைக்குத் துணி வாங்கக் கீழே கடையில்தான் நின்றிருந்தாள். மேலே வந்தாள். அமைப்பாளர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டாள். நாற்காலி காட்டினார்கள், உட்கார்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம ஆவாதுங்க. சந்தை நாளு. பௌர்ணமிப் போயா லீவுல வையுங்க, பஸ் புடிச்சு நாங்களே வந்துர்றோம்."

"அம்மா, பேசுறதுக்கு இத்ரூஸ் முதலாளி ஒருத்தர் வந்தாப் போதும்" என்றார் அமைப்பாளர்.

"அவரு ஒத்தையா வந்து என்னத்தங்க சொல்லுவாரு? நாங்க கடைக்காரங்கக்கிட்ட என்ன பேசுனோம்னு அவருக்குத் தெரியாதே. அவரு அன்னைக்குப் பசை வாளியோட சுத்திக்கிட்டிருந்தாரு."

அமைப்பாளர் இத்ரூஸைப் பார்த்தார். இத்ரூஸ் ஒத்துக்கொண்டு தலையசைத்தார்.

"அப்ப எத்தனை பேர் வருவீங்க?" என்று அமைப்பாளர் பேனாவைத் திறந்தார்.

"அத ஞாயித்துக்கெழம கூட்டத்துலதான் சொல்ல முடியும். கை தூக்கிப் பாக்கணுமில்ல?" என்று எழுந்தாள் ஜெயலெட்சுமி. "மேடை பெருசா போடச் சொல்லுங்க."